ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பது எப்படி: தேர்வு முதல் பயன்பாடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ ஓர் ஆய்வுக் கட்டுரையையோ படிக்கும்போது, வாக்கிய அமைப்பு முழுவதும் விளங்கியும் ஒரே ஒரு சொல் வழிமறிப்பதால் கருத்து பிடிபடாமல் போவதுண்டு. அன்றாட ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் பழகிவிட்டவர்களுக்கு அடுத்த கட்டமாக நிற்பவை இத்தகைய அருஞ்சொற்களே. இவற்றுக்கான பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால், சொல்லை ஒரு பக்கமும் பொருளை மறுபக்கமும் எழுதி மனப்பாடம் செய்தவர்களில் பலர், அச்சொல்லை ஒரு வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். பொருள் தெரிவது தொடக்கம் மட்டுமே. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், எவ்விடத்தில் சொல்லத் தகும், எந்த இலக்கண அமைப்பை வேண்டி நிற்கும் என்பனவும் தெரிந்த பிறகே அதை அறிந்ததாகக் கொள்ள முடியும். அந்த முழு அறிவை நோக்கிச் செல்லும் படிகளை இங்கே வரிசையாகக் காண்போம்.

எவை அருஞ்சொற்கள்?

ஆங்கிலத்தின் சொற்பரப்பு அஞ்சத்தக்க அளவுக்குப் பெரியது என்றாலும், அது சீரான பரப்பன்று. ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இருந்தன. அன்றாடப் பேச்சிலும் எளிய எழுத்திலும் திரும்பத் திரும்ப வருபவை பெரும்பாலும் அவைதாம். நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் அப்பட்டியலுக்கு வெளியே நின்று, கல்வித்துறை நூல்கள் பலவற்றிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார் எழுத்தில் பத்தில் ஒரு சொல் இந்த 570இலிருந்து வருகிறது என்பது அவர் கண்டது. ஒரு வேர்ச்சொல்லும் அதன் திரிபுகளும் வழிச்சொற்களும் சேர்ந்ததே சொற்குடும்பம். நாவலையும் நாளிதழையும் பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள். முதல் அடுக்கில் அன்றாடச் சொற்கள் உள்ளன; மூன்றாம் அடுக்கில் ஒரு துறைக்கு மட்டுமே உரிய கலைச்சொற்கள் உள்ளன. இடையில் உள்ள இரண்டாம் அடுக்கில், எந்தத் துறையைப் பற்றிய எழுத்திலும் வரக்கூடிய, பண்பட்ட எழுத்துக்கு உரிய சொற்கள் இருக்கின்றன. 'மிட்டிகேட்', 'ஆம்பிகுவஸ்', 'ஸ்க்ரூட்டினி', 'ரிலக்டன்ட்' போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் இந்த இரண்டாம் அடுக்கே. கலைச்சொற்களை அந்தந்தத் துறையைப் படிக்கும்போதே கற்றுக்கொள்ளலாம். தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.

முதல் படி: நிற்கும் இடத்தை அறிதல்

படிக்க விரும்பும் அல்லது படித்தாக வேண்டிய வகை எழுத்து எதுவோ, அதிலிருந்து ஏறத்தாழ 300 சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியைத் தொடாமல் படித்து, தெரியாத சொற்களின் கீழ் மட்டும் கோடிடுங்கள். ஆறு அல்லது அதற்கும் குறைவான சொற்கள் சிக்கினால், அந்தப் பகுதியில் 98 விழுக்காட்டுச் சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவை என்று பொருள். துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஏற்ற அளவாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவதும் இதுவே. பதினைந்துக்கு மேல் சிக்கினால் அந்த எழுத்து இப்போதைக்குக் கடினமானது. புதிய சொல்லின் பொருளை உணர்த்த வேண்டிய சுற்றுச் சொற்களே புதியனவாக இருந்தால் சூழலிலிருந்து எதையும் பெற முடியாது. அந்நிலையில் சற்று எளிய எழுத்துக்கு இறங்கி வருவதே நல்லது. அதில் தாழ்வு ஏதுமில்லை.

இதைப் பல பகுதிகளுக்குச் செய்து பார்த்தால், உங்கள் சொல்லறிவில் எந்தப் பக்கம் இடைவெளி உள்ளது என்பதும் தெரியவரும். அறிவியல் கட்டுரையைத் தடையின்றிப் படிப்பவருக்கு இலக்கிய விமரிசனத்தில் மனித இயல்புகளைக் குறிக்கும் பெயரடைகள் புரியாமல் இருக்கலாம். அவருக்கும் நாவல் வாசகருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது.

இரண்டாம் படி: சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

கோடிட்ட எல்லாச் சொற்களையும் கற்க வேண்டியதில்லை. வெவ்வேறு இடங்களில் இரண்டு முறையாவது எதிர்ப்பட்ட சொல்லுக்கே முன்னுரிமை தருவது நல்ல வழி. பழங்கால நாவலில் ஒருமுறை வந்து மறைந்த சொல்லைக் கதைப்போக்கிலேயே ஊகித்துவிட்டுக் கடந்து செல்லலாம். கற்போருக்கான ஆங்கில அகராதிகள் பல, அதிகம் வழங்கும் சொற்களுக்குக் குறியீடு இடுகின்றன. ஐயம் எழும்போது அக்குறியீட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அளவு குறித்தும் ஒரு சொல். நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் என்று தொடங்குபவர்களின் ஊக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் பழைய சொற்களின் மீள்பார்வைச் சுமை பத்து நாட்களுக்குள் மலைபோல் குவிந்து, முயற்சியே கைவிடப்படுகிறது. நாளுக்கு ஐந்து புதிய சொற்கள், வாரத்தில் ஐந்து நாட்கள், மற்ற இரண்டு நாட்கள் மீள்பார்வைக்கு என்று வைத்துக்கொண்டால், ஐம்பது வாரங்களில் 1,250 சொற்கள் சேர்கின்றன. காக்ஸ்ஹெட் தொகுத்த 570 குடும்பங்களைப் போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். நிதானமாகச் செல்பவரே இங்கு தொலைவைக் கடக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்றாம் படி: அகராதியை முழுமையாகப் படித்தல்

அகராதியைத் திறந்து, முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அருஞ்சொற்களைப் பொறுத்தவரை இது பெரும் இழப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கான பேரகராதியைவிட, கற்போருக்கென்றே உருவாக்கப்பட்ட ஆங்கில - ஆங்கில அகராதியே இப்பணிக்கு ஏற்றது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, மக்கள் உண்மையில் எழுதியவையும் பேசியவையும் அடங்கிய மாபெரும் மொழித்தரவகத்தை அடிப்படையாகக் கொண்டது. பொருளை முழு வாக்கியமாகவே விளக்குவதால், சொல் எப்படி வழங்குகிறது என்பதும் உடன் தெரிகிறது.

தமிழ்ப் பொருளையும் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும் என்னும் கட்டளை நடைமுறைக்கு ஒவ்வாதது. பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் கூற வேண்டும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் வகுத்த முறை இங்கும் பொருந்துகிறது. சரியான தமிழ்ச் சொல் ஒன்று கிடைத்தால் பொருள் உடனே ஊன்றிவிடுகிறது. ஆனால் அந்த ஒரு தமிழ்ச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். 'காம்ப்ரமைஸ்' என்றால் சமரசம் என்று மட்டும் கற்றவருக்கு, ஒரு கணினியின் பாதுகாப்பு 'காம்ப்ரமைஸ்' ஆகிவிட்டது என்ற செய்தி குழப்பத்தையே தரும். அங்கு அதன் பொருள் குலைந்துபோதல். கடன் 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்று பேசிப் பழகியவர், ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்ஸ்' விதிக்கப்பட்டன என்று படிக்கும்போது திகைப்பார்; முன்னது ஒப்புதல், பின்னது தண்டனைத் தடை. ஆகவே, நீங்கள் சொல்லைச் சந்தித்த வாக்கியத்துக்கு எந்தப் பொருள் பொருந்துகிறதோ அதை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற முக்கியமான பொருள்களை ஒருமுறையாவது கண்ணோட்டமிடுங்கள்.

சொல்லின் மனப்பான்மையையும் அகராதியில் கவனிக்க வேண்டும். 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' இரண்டும் பலருக்கும் தெரிந்த ஒருவரைக் குறிப்பவை. இரண்டாவது கெட்ட பெயரால் அறியப்பட்டவருக்கே உரியது. 'ஃப்ரூகல்' என்பது சிக்கனத்தைப் பாராட்டும். 'ஸ்டிஞ்சி' கஞ்சத்தனத்தைப் பழிக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால், பாராட்ட நினைத்தவரை இழிவுபடுத்திவிட நேரும்.

ஒலிப்பை இன்றைய இணைய அகராதிகளில் காதால் கேட்கலாம். தமிழில் எழுத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடுவதால், ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இயல்பு நமக்கு உண்டு. 'எபிடோம்' என்று படிக்கத் தோன்றும் சொல்லின் ஒலிப்பு 'எபிட்டமி'. 'ஹைப்பர்போல்' என்று தோன்றுவது 'ஹைப்பர்பலி'. 'இன்டிக்ட்' என்று தோன்றுவது 'இன்டைட்'. அழுத்தம் விழும் அசையும் மாறும்: 'எக்கானமி' என்பதில் இரண்டாம் அசையிலும், 'எக்கனாமிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. கற்கும் முதல் நாளிலேயே சரியாக ஒலித்துப் பழகுவது நல்லது. பதிந்துபோன தவறான ஒலிப்பைப் பின்னர் மாற்றுவது கடினம்.

நான்காம் படி: வேரையும் ஒட்டுகளையும் அறிதல்

ஆங்கில அருஞ்சொற்களில் மிகப் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க மூலங்களிலிருந்து வந்தவை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சு வழியாகவும், மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் அவை நுழைந்தன. ஆகவே ஒரு வேரை அறிந்தால் ஒரு குடும்பமே அறிமுகமாகிறது.

லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. 'காங்கிரிகேட்' என்பது கூட்டமாகச் சேர்தல். 'செக்ரிகேட்' கூட்டத்திலிருந்து பிரித்துவைத்தல். 'அக்ரிகேட்' பலவற்றை ஒன்றாகத் திரட்டுதல். 'கிரிகேரியஸ்' என்பவர் கூட்டத்தோடு பழகுவதில் மகிழ்பவர். 'இக்ரீஜியஸ்' என்பது மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. முற்காலத்தில் சிறப்பால் தனித்து நிற்பதைக் குறித்த இச்சொல், இன்று அப்பட்டமான, மன்னிக்க முடியாத தவற்றுக்கே பெரிதும் வழங்குகிறது. ஐந்து சொற்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதற்கும், மந்தை என்ற ஒரே கருத்தோடு அவற்றைப் பிணைத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இவ்வாறே பேசுதலைக் குறிக்கும் 'லோக்வி' என்ற வேரிலிருந்து 'எலக்வென்ட்', 'லக்வேஷியஸ்', 'கலோக்வியல்', 'சலிலக்வி' ஆகியவை முறையே நாவன்மை வாய்ந்த, வாயாடியான, பேச்சுவழக்கான, தனிமொழி என்ற பொருள்களில் கிளைத்துள்ளன.

எனினும் வேர் வழிகாட்டுமே தவிர, தீர்ப்பளிக்காது. 'எனர்வேட்' என்ற சொல் 'எனர்ஜி'யை நினைவூட்டுவதால் ஊக்கமூட்டுதல் என்று ஊகிக்கத் தோன்றும். உண்மையில் அதன் பொருள் சோர்வுறச் செய்தல். 'நாய்சம்' என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பில்லை. அது அருவருப்பூட்டும் நாற்றம் போன்றவற்றைக் குறிக்கும். 'இன்' என்ற முன்னொட்டு வழக்கமாக எதிர்மறையைத் தந்தாலும், 'இன்ஃப்ளேமபிள்' என்பது எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே பொருள்படும். 'இன்வேல்யுவபிள்' என்பது விலைமதிக்க முடியாதது. வேரைக் கொண்டு ஊகியுங்கள். பின்னர் அகராதியில் சரிபாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

ஐந்தாம் படி: சொல்லின் சேர்க்கையைக் கற்றல்

பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். சேர்க்கை என்பது என்ன என்பதைத் தமிழிலேயே எளிதில் காணலாம். நாம் உரை ஆற்றுகிறோம், அஞ்சலி செலுத்துகிறோம், முடிவு எடுக்கிறோம், குற்றம் இழைக்கிறோம். 'அஞ்சலி ஆற்றினார்' என்று எவரேனும் எழுதினால் பொருள் விளங்கும். ஆனால் எழுதியவர் தமிழில் தோய்ந்தவர் அல்லர் என்பதும் விளங்கும். ஆங்கிலத்திலும் அவ்வாறே மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. அச்சுறுத்தலைப் 'போஸ்' செய்வார்கள், ஒருமித்த கருத்தை 'ரீச்' செய்வார்கள். ஒரு சொல்லை அது கூடியிருக்கும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதியது இதைப் பற்றித்தான்.

'மிட்டிகேட்' என்ற சொல்லை எடுத்து இதை அருகிலிருந்து பார்ப்போம். தமிழ்ப் பொருள் பட்டியலில் 'மிட்டிகேட்', 'அலீவியேட்', 'அமீலியரேட்' மூன்றுக்கும் எதிரே தணித்தல், குறைத்தல் என்றே காணப்படும். வேரைப் பார்த்தால் மூன்றும் பிரிந்து நிற்கின்றன. முதலாவது 'மென்மை' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்தும், இரண்டாவது 'இலேசு' என்பதிலிருந்தும், மூன்றாவது 'மேலான' என்பதிலிருந்தும் பிறந்தவை. சேர்க்கையைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. 'மிட்டிகேட்' செய்யப்படுவன ஆபத்து, சேதம், பாதிப்பு ஆகியவை. அதாவது நேரவிருக்கும் அல்லது நேர்ந்துவிட்ட தீங்கின் கடுமையை மட்டுப்படுத்துவது. 'அலீவியேட்' செய்யப்படுவன வலி, துன்பம், வறுமை. அதாவது ஒருவர் சுமந்துகொண்டிருக்கும் பாரத்தை இலேசாக்குவது. அதனால்தான் அதன் எதிர்ச்சொல்லான 'அக்ரவேட்' கனம் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்திருக்கிறது. 'அமீலியரேட்' செய்யப்படுவது பெரும்பாலும் ஒரு நிலைமை. அதை முன்னிருந்ததைவிட மேம்படுத்துவது. நீதிமன்றச் செய்திகளில் தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் சூழ்நிலைகள் 'மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்' எனப்படுகின்றன. சூழலியல் எழுத்தில் காலநிலை மாற்றத்தின் வேகத்தைக் குறைக்கும் முயற்சி 'மிட்டிகேஷன்' எனவும், அதற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொள்ளும் முயற்சி 'அடாப்டேஷன்' எனவும் வழங்குகின்றன. 'மிட்டிகேட்' என்பதோடு 'அகெய்ன்ஸ்ட்' சேர்த்து எழுதுவது ஒரு பரவலான பிழை. அவ்விடத்துக்குரியது, எதிராக இயங்குதல் என்று பொருள்படும் 'மிலிடேட்' என்ற வேறொரு சொல்.

இவ்வளவும் தெரிந்த பிறகு இச்சொல் கைவசமாகிவிட்டது எனலாம். ஒரு சொல்லுக்குக் கால்மணி நேரம் பிடிக்கலாம். மேலோட்டமாக அறிந்த பத்துச் சொற்களைவிட இவ்வாறு அறிந்த ஒரு சொல்லே எழுதும் நேரத்தில் கைகொடுக்கும்.

சில சொற்கள் தீய பொருளோடு மட்டுமே கூடும் இயல்புடையவை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 'இன்கர்' என்ற வினை இழப்பு, கடன், செலவு, சினம் ஆகியவற்றையே ஏற்கும். இலாபத்தை 'இன்கர்' செய்தோம் என்று எவரும் எழுதுவதில்லை. 'காஸ்' என்ற எளிய வினைகூடப் பெரும்பாலும் சேதம், தொல்லை, மரணம் போன்றவற்றையே துணைக்கு அழைக்கிறது. இத்தகைய சாயலை அகராதி எப்போதும் சொல்வதில்லை. மார்க் டேவிஸ் உருவாக்கி 2008இல் இணையத்தில் வெளியிட்ட சமகால அமெரிக்க ஆங்கிலத் தரவகம் போன்றவற்றில் ஒரு சொல்லைத் தேடினால், அது வந்துள்ள வாக்கியங்கள் வரிசையாகக் கிடைக்கும். இருபது வாக்கியங்களைப் பொறுமையாகப் படித்தால் சாயல் தானே புலப்படும்.

இலக்கண அமைப்பும் சேர்க்கையின் ஒரு பகுதியே. ஒன்றைப் 'பற்றி' விவாதித்தார் என்பது தமிழ் வழக்கு. அந்தப் 'பற்றி'யை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'டிஸ்கஸ்' என்ற வினையோடு 'அபவுட்' சேர்ப்பது நம்மிடம் மிகுதி. அவ்வினைக்கு அது வேண்டாம். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு வரலாம். 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்கு 'ஆன்' வராது; 'எம்ஃபசிஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு வரும். புதிய வினைச்சொல் ஒவ்வொன்றையும் அதன் பின்வரும் இடைச்சொல்லோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அட்டை தயாரித்தல்

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் சொல்லை எழுதிப் பின்பக்கத்தில் பொருளை எழுதுவதைவிட, முன்பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுதி, கற்க வேண்டிய சொல்லின் இடத்தை வெற்றிடமாக விட்டு, முதல் எழுத்தை மட்டும் தருவது பயன்மிக்கது. மேலே பார்த்த சொல்லுக்கு, 'தி நியூ வால் வில் எம்____ தி டேமேஜ் காஸ்ட் பை ஃப்ளட்ஸ்' என்று முன்பக்கம் இருக்கலாம். பின்பக்கத்தில் சொல், ஒலிப்பு, 'தீங்கின் கடுமையைக் குறை' என்ற தமிழ்ப் பொருள், உடன்வரும் சொற்களாக 'ரிஸ்க்', 'டேமேஜ்', 'இம்பாக்ட்', 'அகெய்ன்ஸ்ட்' வராது என்ற குறிப்பு. இவற்றுக்கு மேல் எழுத வேண்டியதில்லை. வாக்கியம் நீங்கள் படித்த இடத்திலிருந்தே எடுத்ததாக இருந்தால், படித்த செய்தியும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

ஒத்த பொருளுள்ள சொற்களை ஒரே நாளில் கூட்டமாகக் கற்பது இயல்பான வழியாகத் தோன்றலாம். ஆனால் புதிய சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கிக் கற்பிக்கும்போது அவை ஒன்றோடொன்று குழம்பி, கற்கக் கூடுதல் முயற்சி வேண்டியிருப்பதை 1990களில் டிங்கம், வாரிங் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. ஆகவே 'மிட்டிகேட்' நன்றாகப் பதிந்த பிறகு, இரண்டொரு வாரம் கழித்து 'அலீவியேட்'டைத் தொடங்குங்கள். மேலே செய்ததைப் போன்ற ஒப்பீடு, சொற்கள் தனித்தனியே ஊன்றிய பின்னரே முழுப் பயன் தரும். எழுத்தமைப்பில் ஒத்த சொற்களுக்கும் இதே விதி பொருந்தும்.

ஏழாம் படி: இடைவெளிவிட்டு நினைவுகூர்தல்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியின் போக்கை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்றவுடன் மறதி வேகமாக நிகழ்ந்து, போகப்போக மெதுவாகிறது என்பதும், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படிப்பது மேல் என்பதும் அவர் கண்டவை. 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் செய்த ஆய்வு இன்னொன்றை உறுதிப்படுத்தியது: படித்ததை மீண்டும் படித்தவர்களைவிட, அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

இவ்விரண்டையும் இணைத்தால் முறை கிடைக்கிறது. அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன், விடையை வாய்விட்டுச் சொல்லவோ எழுதவோ வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று இடைவெளியை விரித்துச் செல்லலாம். தவறினால் அந்த அட்டை மறுநாளுக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறை இதை எளிதாக்குகிறது: ஐந்து அறைகள் கொண்ட பெட்டியில், விடை சரியானால் அட்டை அடுத்த அறைக்குச் செல்லும், தவறினால் முதல் அறைக்கு வரும், பின்னறைகளை அரிதாகவே பார்த்தால் போதும். 'ஆங்கி' போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்கின்றன. பிறர் செய்து வைத்த ஆயத்தத் தொகுப்புகளைவிட உங்கள் கையால் செய்த அட்டைகளையே நான் பரிந்துரைப்பேன். அட்டையைத் தயாரிக்கும்போதே கற்றலில் பாதி நிகழ்ந்துவிடுகிறது.

நான்கைந்து முறை தொடர்ந்து தவறும் சொல்லை மேலும் மேலும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அட்டையில்தான் கோளாறு இருக்கும். வாக்கியத்தை மாற்றுங்கள், வேரைச் சேருங்கள். அல்லது அதை ஒத்த வேறொரு சொல் குழப்புகிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: எழுத்தில் பயன்படுத்துதல்

படித்தால் புரியும் சொற்களின் எண்ணிக்கை, தாமாக எழுத வரும் சொற்களின் எண்ணிக்கையைவிட எவருக்கும் அதிகமாகவே இருக்கும். எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. வாரத்தில் கற்ற சொற்களுள் உங்கள் எழுத்துக்கு உண்மையில் தேவைப்படும் ஐந்தாறைத் தேர்ந்து, நீங்கள் அக்கறை கொண்ட ஒரு பொருளைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். சொல்லுக்காக வாக்கியம் ஒன்று புனைவதைவிட, சொல்ல வேண்டிய கருத்துக்கு அச்சொல் பொருந்துகிறதா என்று பார்ப்பதே பயிற்சி.

நடை வேறுபாடு இங்குதான் குறுக்கிடும். ஆங்கிலத்தில் ஒரே செயலுக்கு மூன்று அடுக்குகளில் சொற்கள் உண்டு. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலச் சொல், எங்கும் வரும். 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, வினவுதலில் சற்று ஐயத்தையும் அழுத்தத்தையும் ஏற்றும். 'இன்டெராகேட்' லத்தீனிலிருந்து வந்தது, காவல் விசாரணைக்கு உரியது. நண்பரிடம் வழி கேட்டதை மூன்றாவது சொல்லால் எழுதினால் பொருந்தாது. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட தெசாரஸும் அதன் வழிவந்த இன்றைய தொகுப்புகளும் நம் நிகண்டுகளைப் போல் ஒத்த பொருளுள்ள சொற்களை ஓரிடத்தில் குவித்துத் தருகின்றன. முன்பே அறிந்து மறந்த சொல்லை நினைவுபடுத்திக்கொள்ள அவை அரிய துணை. முன்பின் அறியாத சொல்லை அங்கிருந்து எடுத்து நேரே கட்டுரையில் பொருத்துவது தவிர்க்க வேண்டியது. எளிய சொல் போதுமான இடத்தில் எளிய சொல்லையே எழுதுங்கள். அருஞ்சொல் அதன் நுட்பம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரட்டும்.

எழுதியதை ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற முடிந்தால் மிக நன்று. முடியாதபோது, ஐயமுள்ள சேர்க்கையைத் தரவகத்தில் தேடிப் பாருங்கள்; ஒருமுறைகூடக் காணப்படாத சேர்க்கை பெரும்பாலும் பிழையாகவே இருக்கும்.

வாசிப்பும் கால அட்டவணையும்

அட்டையில் கற்ற சொல் மீண்டும் நூலில் எதிர்ப்பட வேண்டும்; அந்தச் சந்திப்புகளே அதற்குப் புதிய சேர்க்கைகளையும் சாயல்களையும் கூட்டுகின்றன. ஒரே துறையைப் பற்றிப் பல கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் ஒரே சொற்கள் அடிக்கடி திரும்பி வரும். ஆகவே மாதத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வது நல்லது: ஒரு மாதம் பொருளாதாரம், அடுத்த மாதம் உடல்நலம், பிறகு வரலாறு. நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால், இருபது நிமிடம் வாசிப்புக்கும், பதினைந்து நிமிடம் மீள்பார்வைக்கும், எஞ்சியதைப் புதிய அட்டைகளுக்கும் ஒதுக்கலாம். நேரம் குறையும் நாளில் புதிய அட்டைகளை விட்டுவிடுங்கள், மீள்பார்வையை விடாதீர்கள். 'மிட்டிகேட்' போன்று ஆழமாகப் பார்க்க வேண்டிய சொற்களை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

போட்டித் தேர்வுக்காகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு மாற்றம் வேண்டும். அவர்களுக்குக் காலம் குறுகியது. பட்டியலைத் தவிர்க்க முடியாது. பட்டியலிலிருந்து தொடங்கினாலும், ஒவ்வொரு சொல்லுக்கும் கற்போர் அகராதியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து அட்டையில் சேர்த்துவிடுங்கள். அகர வரிசையில் செல்ல வேண்டாம். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்து குழப்பும். தேர்வுக்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது புதிய சொற்களை நிறுத்திவிட்டு, இதுவரை தவறிய அட்டைகளை மட்டும் தனியே பிரித்து, நாள்தோறும் அவற்றைப் பாருங்கள்.